எங்கள் பலகைக்குக் கீழே இருந்தவர்

ஒருநாள் மாலை, பக்கத்தில் ஆள் உட்காரும் சைக்கா என்ற மிதிவண்டியின் சக்கரம் அவர் கால்மேல் ஏறி இறங்கியது. நான் எதிர்ப்புறத்தில் ஃபாக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். என் கண் முன்னால்தான் நடந்தது. வண்டி மிதித்த ஆள் பதறிப்போய்க் கீழே குதித்தான். இவரோ தன் காலைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கம்பி ஏதாவது வளைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, “யபாதே” என்றார். பரவாயில்லை என்பதற்குப் பர்மியச் சொல் அது. பிறகு நொண்டிக்கொண்டே கடைப்பக்கம் போனார்.

அவரைக் கீழ் வீட்டு ஊலே என்று சொல்வோம். ஊலே என்றால் பர்மியத்தில் மாமா, சித்தப்பா எல்லாம்தான். அவர் தமிழர். ஆனால் க்யிம்யிண்டைங் படகுத்துறைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் ஊலேயாக இருந்ததால் எங்களுக்கும் அப்படியே ஆகிவிட்டார். படகுக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. இப்போது அவர் அந்த வீட்டில் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனதும் தங்கை மகள் வந்து த்வாண்டேவுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

யபாதே என்ற அந்த ஒரு சொல்லில்தான் அவர் குடியிருந்தார் என்று சொல்லலாம். டீக்கடையில் டீ கேட்டால் காப்பியைக் கொண்டுவந்து வைப்பார்கள். யபாதே என்று குடித்துவிட்டு எழுந்துவிடுவார். கடை வாசலில் அடுத்த கடைக்காரன் தன் மூட்டைகளை அடுக்கிவைத்து வழியை அடைத்துவிட்டால், தார்ப்பாய்ச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு மூட்டைகளுக்கு மேலாக ஏறிப் போவார். யாரையும் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. என் கணவர் செல்வம் வீட்டில் அவரைப் போலவே நடித்துக்காட்டுவார். சாப்பாட்டில் உப்பு அதிகமானால் கண்ணை மூடிக்கொண்டு “யபாதே, யபாதே” என்பார். அம்மாவும் நானும் சிரிப்போம். இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்று செல்வம் ஒருநாள் கேட்டபோது மட்டும் அம்மா சிரிக்கவில்லை. ரோஷம் இல்லாத ஆளுக்கு இப்படிக் கண் இருக்காது என்று மட்டும் சொன்னாள்.

கீழே செங்கல், மேலே மரம் என்று கட்டிய பழைய வீடு அது. எங்கள் தரைதான் அவருக்குக் கூரை. நாங்கள் குடிவந்தபோது எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் யார், ஏன் போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வாடகை கட்டுப்படியாக இருந்தது. லைங் தாயாவுக்குப் போகும் ஃபாக்டரி பஸ் தெருமுனையிலேயே நின்றது. நான் அங்கே ஒரு தையல் ஆலையில் சூப்பர்வைசர். எனக்கு அது போதும்.

ஒருமுறை பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற குழாயடியில் ஒரு வாளித் தண்ணீர் கவிழ்ந்துவிட்டது. பலகை இடுக்கு வழியாக முழுதும் கீழே போயிருக்கும். மன்னிப்புக் கேட்கலாம் என்று இறங்கிப் போனேன். அவர் கதவை ஒரு கையகலம் மட்டும் திறந்தார். அந்த இடுக்கில் தன் உடம்பை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார். தலைமுடி நனைந்திருந்தது. நான் பேச ஆரம்பிப்பதற்குள் யபாதே என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். தனியாக இருக்கிற ஆண்பிள்ளை, வீடு அலங்கோலமாகக் கிடக்கும், காட்ட வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரவி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நாங்களும் யாரையும் உள்ளே விடுவதில்லை. ரவி செல்வத்தின் அக்கா மகன், பெகுவில் இருந்தவன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அவன் வயதுப் பையன்கள் ஒவ்வொருவராகத் தெருவிலிருந்து காணாமல் போக ஆரம்பித்தார்கள். அக்கா அவனைக் கோழி லாரியில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டாள். எல்லை தாண்டித் தாய்லாந்துக்குக் கூட்டிப்போகிற ஆள் கிடைக்கும்வரை எங்களோடு இருக்க வேண்டும். வெளியூர் ஆள் ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீஸில் பெயர் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது நான், செல்வம், அம்மா, மூன்று பேர்தான் என்று ஊருக்குத் தெரியும். நாலாவது ஆள் பகலில் ஜன்னல் பக்கம் வரமாட்டான். இருமல் வந்தால் தலையணையில் வாயை வைத்து இருமுவான்.

அந்த நாட்களில்தான் பின்கட்டுப் பலகை மிதித்தால் அமுங்க ஆரம்பித்தது. தச்சரைக் கூப்பிட வேண்டும் என்று செல்வத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தச்சர் வந்தால் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். கண்ணில் படாமல் ரவியை எங்கே வைப்பது? ரவி போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வாங்கிவந்து அந்த இடத்தில் விரித்தோம். அமுங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போனது. காலுக்கு மட்டும் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சோறு வடித்த பானையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு ஓசை. திரும்பிப் பார்த்தால் அம்மா பாதி உயரத்தில் இருந்தாள். வலது கால் தொடைவரைக்கும் தரைக்குள்ளே போயிருந்தது. இடது கால் மடங்கிக் கிடந்தது. பானை உருண்டு சோறு சிதறியது. ரவி உள்ளேயிருந்து ஓடிவந்து அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தாங்கினான்.  அம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

“கீழ யாரோ என் காலைப் பிடிச்சிருக்காங்கடி.”

 செல்வம் அம்மாவை மேலே இழுக்கக் குனிந்தார். அப்போது தரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அத்தனை வருஷத்தில் ஊலே சத்தம் போட்டு நாங்கள் கேட்டதே இல்லை.

“இழுக்காதீங்க. பலகை கீழ்ப்பக்கமா சிலாம்பு சிலாம்பா நிக்குது. மேல இழுத்தீங்கன்னா சதையைக் கிழிச்சிரும். கால் என் தோள்மேலதான் இருக்கு. பாரம் முழுக்க என்மேல போடச் சொல்லுங்க.”

செல்வம் தச்சரைக் கூட்டிவர ஓடப் போனார். வேண்டாம் என்று கீழேயிருந்து குரல் வந்தது. வெளியாள் யாரையும் கூப்பிட வேண்டாம், தன்னிடம் ரம்பம் இருக்கிறது, செல்வம் மட்டும் கீழே வந்து காலைத் தாங்கிக்கொண்டால் தானே அறுத்துவிடுவதாகச் சொன்னார். கிழவருக்கு இந்த நேரத்தில் என்ன பிடிவாதம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. செல்வம் படியில் இறங்கி ஓடினார். அவர் உள்ளே போன பிறகு கீழே கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ரம்பம் அறுக்கத் தொடங்கியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சோறு வீணாகிறது, அள்ளி வை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காலை வெளியே எடுத்தபோது தொடையில் நீளமாகக் கிழிந்திருந்தது. பக்கத்து க்ளினிக்கில் தையல் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. சட்டென்று இழுத்திருந்தால் ரத்தக்குழாய் போயிருக்கும் என்றார் டாக்டர்.

 க்ளினிக்கிலிருந்து திரும்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் செல்வம் என்னை மட்டும் கையைப் பிடித்துக் கீழ் வீட்டுக்குள் இழுத்துப் போனார். கதவு திறந்தே கிடந்தது.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? அறையின் நடுவில், தரையிலிருந்து எங்கள் பலகைவரை, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற தடிமனில் மரத்தூண் ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் எங்கள் குறுக்குக்கட்டைகளை முட்டுக்கொடுத்துத் தாங்கியிருந்தன. தூண்களுக்கு மேலே தார்ப்பாய் ஒன்று இரண்டாவது கூரை மாதிரி சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் பிளந்த மூங்கில். எங்கள் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தார்ப்பாயில் விழுந்து, மூங்கில் வழியாக ஓடி, ஜன்னலுக்கு வெளியே வடிந்துகொண்டிருந்தது. கட்டில் சுவரோடு சுவராக ஒரு மூலையில். சட்டைகளெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் ஆணியில் தொங்கின. எங்கள் பருப்பும் சோப்பும் கலந்த வாடை அறை முழுக்க இருந்தது. வெகுநாளாக நாங்கள் அவர்மேல்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஊலே மேசைமேல் சிதறிக் கிடந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் அம்மாவின் ரத்தம் காய்ந்திருந்தது.

செல்வத்துக்கு அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது. கட்டை இற்றுப்போயிருக்கிறது என்று இவருக்குத் தெரியும், விழும் என்று தெரிந்துதான் தூண் வைத்திருக்கிறார், மேலே ஏறிவந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தைக்கு இந்தக் கதி வந்திருக்குமா, ஒரு உயிர் போயிருந்தால் அப்போதும் யபாதேதானா என்று தெரு கேட்கக் கத்தினார். எனக்கும் அதே கேள்விதான். அவருடைய அந்தப் பொறுமையின்மேல் முதன்முதலாக எனக்குப் பயம் வந்தது. இப்படி ஒருவரால் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா?

ஊலே துடைப்பதை நிறுத்தினார்.

“தெரியும் தம்பி. கட்டைக்குத்தான் தூண் குடுத்தேன். பலகை இப்படிப் போகும்னு நினைக்கல. தப்புதான்” என்றார். 

அடுத்த சில நாட்கள் அந்த ஓட்டை அப்படியே கிடந்தது. தச்சரைக் கூப்பிட முடியாது. செல்வமே செய்வதென்று முடிவாயிற்று. மரக்கடையில் விசாரித்தார். இற்ற இடத்தை மட்டும் ஒட்டுப்போடக் கூடாது, நல்ல கட்டை வரும்வரை பலகையை அறுத்தெடுத்து, புதுப்பலகையின் இரண்டு முனையும் கட்டைமேல் உட்காருகிற மாதிரி வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம். அவர் அறுக்க அறுக்க ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. மேல்பலகைக்கு அடியில் இருந்த பழைய பலகை கறுத்து, விரலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது. கடைசியில் பின்கட்டில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தரையே இல்லை. எட்டிப் பார்த்தால் ஊலேயின் மேசை தெரிந்தது. அவர் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டிருந்தார்.

அம்மா காலை நீட்டிக்கொண்டு ஓட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். எங்களுக்கு அவரோடு பேசப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு அப்படியெதுவும் இல்லை. டீ கலந்தால் ஒரு தூக்கில் ஊற்றிக் கயிற்றில் கட்டி ஓட்டை வழியாக இறக்குவாள். கீழிருந்து காலித் தூக்கு கழுவித் துடைத்து மேலே வரும். இரண்டு பேரும் முகம் பார்க்காமல் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். ரவி அந்த நேரங்களில் கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி சுவரை ஒட்டி நிற்பான்.

ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா மறைக்காமல் கேட்டுவிட்டாள்.

“தம்பி, கோபத்துல கேக்கல. ஏன் எங்ககிட்ட சொல்லல?”

 கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

“அக்கா, உங்க வீட்டுல மூணு பேர்னு ஊர்ல சொல்லிக்கிறீங்க. மேல நாலு பேர் நடக்கிறீங்க.”

நான் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். செல்வம் கையிலிருந்த உளியைத் தரையில் வைத்தார். 

“நாலாவது ஆள் இப்ப அலமாரிக்குப் பக்கத்துல சுவரோரமா நிக்கிறாரு. செருப்பில்லாம நடப்பாரு. குதிகாலை ஊனாம நடப்பாரு. அப்படி நடக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும். பயப்படாதீங்க. நான் ஒருக்கா வாயைத் திறந்திருக்கேன். இன்னொருக்கா திறக்கமாட்டேன்.”

பிறகு அவர் சொன்னதை நான் இங்கே சுருக்கித்தான் சொல்ல முடியும். அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எங்களுக்கு முன்னால் மேலே ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். அப்போதும் அதே இடத்தில் குழாய் ஒழுகியது. ஊலே ஏறிப்போய்ச் சொன்னார். சரி செய்கிறோம் என்றார்கள். செய்யவில்லை. மறுபடியும் சொன்னார். கதவைத் திறக்காமலே பதில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஊலேவுக்குக் கோபம் வரும். கட்டில் நனைந்துபோன ஒரு நாளில் நேரே வார்டு ஆபீஸுக்குப் போய், மேல் வீட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கேட்டால் கதவைத் திறப்பதில்லை, கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று புகார் சொல்லிவிட்டு வந்தார். ஊர் கலங்கிக் கிடந்த நேரம் அது. தெருவுக்குத் தெரு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை நிறையப் பேர் வந்தார்கள். ஒழுகுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் கதவைத் தட்டினார்கள். உள்ளறையில் அந்தப் பெண்ணின் தம்பி இருந்தான். பெயர் கொடுக்காமல் தங்கியிருந்தவன். அவர்கள் கதவைத் திறக்காததற்குக் காரணம் அவன்தான். கையைப் பின்னால் கட்டி இந்தப் படி வழியாகத்தான் இறக்கிக்கொண்டு போனார்கள்.

“அந்தத் தம்பி திரும்பி வந்துச்சா?” என்று அம்மா கேட்டாள்.

“தெரியாதுக்கா. அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. போறப்ப அந்தப் பொண்ணு கீழ வந்து, வீட்டுக்காரர்கிட்ட குடுத்திருங்க ஊலேன்னு சாவியை என் கையிலதான் குடுத்துச்சு. போய்ச் சொன்னது நான்தான்னு அதுக்குத் தெரியாது. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போச்சு.”

 எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எத்தனையோ தடவை நாங்கள் சிரித்த அந்த யபாதே என் காதில் வேறு மாதிரி கேட்டது. குழாய் ஒழுகுகிறது என்று ஒரு மனிதன் சொன்னதற்கு இன்னொரு மனிதன் காணாமல் போயிருக்கிறான். அதன் பிறகு அவர் எப்படி எதைப் பற்றியும் குறை சொல்வார்?

மறுநாள் ரவி சுவரை விட்டு வந்து ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்தான். ஊலே நிமிர்ந்து பார்த்தார். இருவரும் பர்மியத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். ரவிக்குத் தமிழைவிட அதுதான் சரளம். அன்றிலிருந்து வேலை வேகமாக நடந்தது. நான் வேலைக்குப் போன பிறகு மூன்று ஆண்பிள்ளைகளும், இரண்டு பேர் மேலே, ஒருவர் கீழே. மூவருக்கும் தச்சு வேலை தெரியாது. முதலில் வெட்டிய பலகை ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. செல்வம் அளந்ததுதான் தப்பு என்று ரவி சொன்னான், ரவி வெட்டியதுதான் தப்பு என்று செல்வம் சொன்னார். இற்றுப்போன கட்டையை எடுத்துவிட்டுப் பியிங்கடோ மரத்தில் புதுக்கட்டை வைக்க வேண்டும். இரும்பு மாதிரி மரம், ஆணி இறங்காது. முதலில் துளைபோட வேண்டும்.

பழைய கட்டையைக் கழற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் வீட்டில் இருந்தேன். அடியில் நின்ற தூணை ஊலே ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். தெருக்கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்து வீட்டுக்கு ஒருவர் என்று வார்டு ஆபீஸ் வைத்திருக்கிற தலைவரும் இன்னும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் கேட்கிறதே, என்ன வேலை நடக்கிறது, மேலே வந்து பார்க்கிறோம் என்றார் தலைவர். படியில் அவர்கள் காலடி ஏறியது.

உள்ளறை ஒன்றுதான், அதற்குக் கதவும் கிடையாது, திரைதான். ரவி என் முகத்தைப் பார்த்தான்.  அப்போது ஓட்டையிலிருந்து இரண்டு கைகள் மேலே நீண்டன. ஊலே மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். விரல்களை அசைத்தார். ரவி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, அந்தக் கைகளுக்குள் இறங்கினான். தலை மறைந்தது. நான் அவன் சாப்பிட்ட தட்டை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தேன்.

தலைவர் உள்ளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூட வந்தவர்களில் ஒருவன் திரையை விலக்கிப் பார்த்தான். தலைவர் ஓட்டைக்கருகில் வந்து குனிந்தார்.  கீழே மேசைமேல் ஊலே ஒற்றையாக நின்றுகொண்டிருந்தார். கையில் ரம்பம். தலையில் மரத்தூள். தலைவரைப் பார்த்ததும் வெற்றிலைக் கறை தெரியச் சிரித்தார். அவருக்குப் பின்னால் சுருட்டிவைத்த தார்ப்பாய் கொஞ்சம் பருமனாக இருந்தது.

உங்கள் வீட்டுக் கூரையையே இவர்கள் பிய்த்துப் போட்டிருக்கிறார்களே, புகார் ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டார்.

“யபாதே” என்றார் ஊலே.

அவர்கள் போய் வெகுநேரம் ஆன பிறகும் அவர் மேசையிலிருந்து இறங்கவில்லை. செல்வம்தான் ஓடிப்போய் இறக்கிவிட்டார். இறக்கியவர் அவரை விடவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரத்திலேயே தரையை மூடிவிட்டோம். புதுக்கட்டையை ரவி மேலிருந்து முடுக்க, ஊலே அடியில் நின்று தலையாலும் கையாலும் முட்டுக்கொடுத்துப் பிடித்தார். ஒரு பலகை கொஞ்சம் தூக்கலாகவே நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில் கால் தட்டும். கடைசிப் பலகையை வைக்கும்போது அம்மா ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லி, குனிந்து, தம்பி மூடப் போறாங்க என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்கவிட்டாள்.

எல்லை தாண்டிக் கூட்டிப்போகிற ஆள் கிடைத்து, ஒரு காலை வேளையில், கடைத்தெருவுக்கு மீன்கூடைகள் வந்து இறங்குகிற நெரிசலில் ரவி போனான். ஊலேயின் கடைக்குச் சரக்கு சுமக்கிற ஆள் மாதிரி தலையில் தார்ப்பாய்க் கட்டோடு அவர் பின்னாலேயே நடந்து போனான். போய்ச் சேர்ந்த செய்தி வருவதற்குள் எங்கள் உயிர் போய்த் திரும்பி வந்தது. வந்ததும் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல நினைத்தேன். இதையெல்லாம் படியில் நின்று பேச முடியாது என்று அம்மா தடுத்துவிட்டாள். பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஊலே. அந்தப் படியில் அவர் ஏறிவந்து நான் பார்த்ததேயில்லை. சலவைச் சட்டை போட்டு, தலையை ஈரம் தொட்டு வாரியிருந்தார்.  உள்ளே வாங்க ஊலே என்றேன். வரவில்லை. என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள்ளே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கொஞ்ச நாளா மூணு பேர் காலடிதான் கேக்குது. தம்பி போய்ச் சேந்துட்டாரா?”

“சேந்துட்டான் ஊலே. தாய்லாந்துல வேலைக்குக்கூடப் போயிட்டான்.”

“வேற வெளியாள் யாரும் வீட்டுல இல்லியே?”

“யாரும் இல்ல.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். வெகுதூரம் சுமந்துவந்ததை இறக்கி வைப்பவர் மாதிரி மூச்சை விட்டார்.

“அப்படின்னா சொல்றேன். உங்க குழாய் இன்னும் ஒழுகுது. என் கட்டில் நனையுது.”